பாதுகாப்பான கதவு என்பது எது? வீடு கட்டுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் தலைவாசலுக்கு நிலை நிறுத்தும் நாளை நல்ல நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் வைத்து, உற்றார் கைகொடுக்க, கொத்தனார் அதைத் தூக்கி நேராக நிறுத்துகிறார். அந்த வீட்டுக்குள் கள்வன் நுழைவது எளிதா கடினமா என்பதைத் தீர்மானிக்கும் வேலையில் பாதி அன்றே நடந்து முடிகிறது. ஆனால் நிலைக்கும் சுவருக்கும் இடையே எத்தனை இரும்புக் கிளாம்புகள் வைக்கப்பட்டன, அவை எதில் பதிந்தன, இடைவெளியில் எது நிரப்பப்பட்டது என்று அன்று யாரும் கேட்பதில்லை. பல மாதங்கள் கழித்து மரக்கடையில் நின்று கதவைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பாதுகாப்பைப் பற்றிய பேச்சே எழுகிறது. அதுவும் எந்த மரம், எத்தனை பூட்டு என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது.

அந்த இரண்டு கேள்விகளும் தவறானவை அல்ல, ஆனால் போதாதவை. கதவு என்று நாம் சொல்வது ஐந்து பொருள்களின் கூட்டு: சுவர், சுவரில் பதிந்த நிலை, நிலையில் தொங்கும் பலகை, அதைத் தாங்கும் கீல்கள், அதை மூடிப் பிடிக்கும் பூட்டும் தாழ்ப்பாளும். இவற்றுள் எது மெலிந்ததோ அதுவே அந்தக் கதவின் உண்மையான வலிமை. பர்மா தேக்கில் செய்த கதவு, அரை அங்குல ஆணியில் நிற்கும் ஒரு தகட்டை நம்பி மூடியிருக்குமானால், அந்த வீட்டைக் காப்பது தேக்கு அல்ல, அந்த அரை அங்குல ஆணிதான்.

கள்வன் உண்மையில் என்ன செய்கிறான்

பூட்டு என்றதும் வளைந்த கம்பியை நுழைத்து மெல்லத் திறக்கும் திறமைசாலியைப் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படிப்பட்ட திறமை உலகில் இல்லாமல் இல்லை. 1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், அதுவரை திறக்கவே முடியாது என்று கருதப்பட்ட சப் நிறுவனத்தின் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். பிராமா நிறுவனத்தின் பூட்டுக்கு அவருக்குப் பல நாள்களாகப் பிரித்து 51 மணி நேரம் தேவைப்பட்டது. நள்ளிரவில் தெருநாய் குரைக்கும் இடத்தில் நிற்கும் கள்வனிடம் 25 நிமிடங்கள்கூட இல்லை. அவன் பூட்டைத் திறப்பதில்லை. கதவை உடைக்கிறான் அல்லது பெயர்க்கிறான்.

நாளிதழ்களில் 'பூட்டை உடைத்து' என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் சில எளிய செயல்கள்தாம். கதவுக்கும் நிலைக்கும் இடையே கடப்பாரையையோ பெரிய திருப்புளியையோ செருகி நெம்புவது முதல் வழி. வெளியே தொங்கும் பூட்டின் வளையத்தையோ, அது மாட்டியிருக்கும் கொண்டியையோ வெட்டுவதும் பெயர்ப்பதும் அடுத்தது. பூட்டு இருக்கும் பக்கத்தில் ஓங்கி உதைப்பதும், கண்ணாடியையோ மெல்லிய பலகையையோ உடைத்துக் கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை நீக்குவதும், வெளிப்புறம் தெரியும் கீலின் முளையைத் தட்டிக் கழற்றுவதும் மற்றவை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பவை இரண்டு: நேரம் குறைவாக இருக்க வேண்டும், ஓசை குறைவாக இருக்க வேண்டும். ஆகவே பாதுகாப்புக் கதவு என்ற பெயரில் நாம் பணம் கொடுத்து வாங்குவது, எவராலும் உடைக்க முடியாத ஒரு பொருளை அல்ல. சில நிமிட நேரத்தையும், அண்டை வீட்டாரை எழுப்பும் அளவுக்கான ஓசையையும் வாங்குகிறோம்.

இந்தக் கருத்தை ஐரோப்பியத் தரநிலை வெளிப்படையாகவே எண்களில் எழுதி வைத்திருக்கிறது. ஈ.என். 1627 என்ற அந்தத் தரநிலை கதவுகளை ஆர்.சி. 1 முதல் ஆர்.சி. 6 வரை வகைப்படுத்துகிறது. திருப்புளி, குறடு, ஆப்பு போன்ற சிறு கருவிகளைக் கொண்டு தாக்கும்போது 3 நிமிடங்கள் தாங்குவது ஆர்.சி. 2, கடப்பாரையும் சேரும்போது 5 நிமிடங்கள் தாங்குவது ஆர்.சி. 3, அதற்கு மேலுள்ள வகைகள் 10, 15, 20 நிமிடங்கள் என்று நீள்கின்றன. மூன்று நிமிடம் என்பது படிக்கும்போது சிறிதாகத் தோன்றலாம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒருவன் இடைவிடாமல் உங்கள் கதவை இடித்துக்கொண்டிருப்பதாக எண்ணி மூன்று நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் அதன் நீளம் புரியும். இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சோதிக்கப்படுவது பலகை மட்டும் அல்ல, நிலை, கீல், பூட்டு எல்லாம் பொருத்தப்பட்ட முழுக் கதவுதான்.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அல்ல. நெதர்லாந்தில் 1999ஆம் ஆண்டு முதல் புதிதாகக் கட்டப்படும் எல்லா வீடுகளிலும் கொள்ளையரைத் தடுக்கும் தரத்தில் கதவுகளும் சன்னல்களும் பொருத்தப்பட வேண்டும் என்று கட்டட விதி வந்தது. அதன் விளைவைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தபோது, அத்தகைய வீடுகளில் ஆண்டுக்கு 1.1 விழுக்காடாக இருந்த திருட்டு 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. திருடர்கள் அந்த வீடுகளை விட்டுவிட்டுப் பழைய வீடுகளுக்கு அதிகமாகச் சென்றதாகவும் அந்த ஆய்வில் தெரியவில்லை.

நிலை: எல்லாம் தொடங்கும் இடம்

மர நிலையை ஹோல்டுபாஸ்ட் என்று சொல்லப்படும் இரும்புக் கிளாம்புகள்தாம் சுவரோடு பிணைக்கின்றன. பக்கத்துக்கு மூன்று வைப்பது வழக்கம். கிளாம்பின் ஒரு முனை நிலையில் திருகாணியால் முடுக்கப்படுகிறது. மறுமுனை செங்கல் வரிசைக்குள் செல்கிறது. அந்த முனை வெறும் சாந்தில் பதிக்கப்படுகிறதா, செங்கல்லை எடுத்துவிட்டு ஜல்லிக் காங்கிரீட் இட்டுப் பதிக்கப்படுகிறதா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. சாந்தில் பதிந்த கிளாம்பு, கடப்பாரையால் சில முறை நெம்பினால் ஆடத் தொடங்கும். காங்கிரீட்டில் பதிந்தது ஆடாது. பூட்டு வரும் உயரத்துக்கு அருகில் ஒரு கிளாம்பு இருக்கும்படி கேட்டுக்கொள்வது செலவில்லாத ஒரு முன்னெச்சரிக்கை. நிலை நிறுத்தும் நாளில் பூசை முடிந்ததும் கொத்தனாரிடம் இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. சாந்து பூசிய பிறகு இதைச் சரிசெய்ய வேண்டுமானால் சுவரையே உடைக்க வேண்டும்.

சுவர் கட்டி முடித்துத் திறப்பு மட்டும் விட்டுவைத்து, பின்னர் நிலையைக் கொண்டுவந்து பொருத்துவதும் இப்போது பரவலாகிவிட்டது. அப்போது நிலையைச் சுவரில் துளையிட்டு நீண்ட போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். இடைவெளியில் நுரை மட்டும் அடித்து நிறுத்திய நிலை பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கும். ஆனால் நுரை இடைவெளியை அடைக்குமே தவிர, நெம்புவதைத் தாங்காது. எஃகுக் கதவோடு வரும் தகட்டு நிலை உள்ளே கூடாக இருப்பதால், அந்தக் கூட்டைச் சிமெண்டுக் கலவையால் நிரப்பச் சொல்ல வேண்டும். நிரப்பாத நிலை, கதவு எத்தனை வலுவாக இருந்தாலும், நெம்பும் இடத்தில் வளைந்துகொடுத்துப் பூட்டின் நாக்கை விடுவித்துவிடும்.

நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொன்று, பூட்டின் நாக்கு நுழையும் இடம். கதவை உதைக்கும்போதோ நெம்பும்போதோ அந்த விசை முழுவதும் நாக்கின் வழியாக இந்த ஓர் இடத்தில்தான் வந்து விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் அங்கே இருப்பது, பூட்டோடு பெட்டியில் வந்த ஒரு சிறு தகடும், விரல்நகம் அளவுள்ள இரண்டு ஆணிகளும்தான். அதை எடுத்துவிட்டுக் கனமான, நீளமான எஃகுத் தகட்டை வைத்து, 3 அங்குல நீளமுள்ள திருகாணிகளால் நிலையின் ஆழம் வரை முடுக்கினால், கிடைக்கும் வலிமை நாம் கொடுக்கும் தொகைக்குப் பன்மடங்கு. வீட்டுக் கதவில் செய்யத்தக்க திருத்தங்களுள் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தருவது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு தச்சருக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை.

பலகை: மரமா, எஃகா

தேக்கு நல்ல மரம் என்பதில் ஐயமில்லை. கறையானை எதிர்க்கும், மழைக்காலத்தில் அதிகம் உப்பாது, வெயிலில் எளிதில் முறுகாது. வேங்கையும் கோங்கும் படாக்கும்கூட உறுதியானவை. ஆனால் பாதுகாப்பு என்ற ஒரே கோணத்தில் பார்த்தால், மரத்தின் பெயரைவிட அதன் கனமும், அது இணைக்கப்பட்ட விதமும் பெரியவை. தலைவாசலுக்கு விரும்பப்படும் பேனல் கதவில், சுற்றிலும் இருக்கும் சட்டங்கள் ஒன்றரை அங்குலக் கனத்தில் இருக்க, நடுவே பொருத்தப்பட்ட பலகை அதில் பாதியாக இருப்பதைக் காணலாம். அந்தப் பலகையில் கஜலட்சுமியோ தாமரையோ ஆழமாகச் செதுக்கப்படும்போது சில இடங்களில் எஞ்சுவது சில மில்லிமீட்டர் மட்டுமே. சிற்ப வேலைப்பாடு வேண்டாம் என்பதல்ல; செதுக்கிய பிறகும் எஞ்சும் கனம் ஓர் அங்குலத்துக்குக் குறையாதிருக்கும்படி, தொடக்கத்திலேயே கனமான பலகையாக எடுக்கச் சொன்னால் போதும்.

பிளஷ் கதவு, அதாவது இருபுறமும் சமதளமாக ஒட்டுப்பலகை ஒட்டிய கதவு, விலை குறைவு என்பதாலேயே அதை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே மரக்கட்டைகள் இடைவெளியின்றி அடுக்கப்பட்ட, ஐ.எஸ். 2202 தரத்துக்குட்பட்ட, 35 மில்லிமீட்டர் கனமுள்ள கதவு, செதுக்கல் மிகுந்த ஒரு மெல்லிய பேனல் கதவைவிட உதையைத் தாங்கக்கூடியது. விரல் முட்டியால் பல இடங்களில் தட்டிப் பார்த்தால் உள்ளே கூடாக இருக்கும் கதவு ஓசையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்டதை அறைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். வெளிவாசல் எதற்கும் வைக்கக் கூடாது. பி.வி.சி. கதவுகளுக்கும் இதே விதிதான்.

கடந்த சில ஆண்டுகளில் எஃகுக் கதவுகள் பெருகியிருக்கின்றன. மரம்போலவே வண்ணம் பூசி, கைப்பிடியைத் திருப்பினால் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகப் பல நாக்குகள் நீளும்படி அமைத்து விற்கிறார்கள். இவற்றில் நல்லவை மிக நல்லவை; மோசமானவை, இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூடு வடிவ அட்டையை வைத்து ஒட்டியவை. தகட்டின் கனத்தைக் கேஜ் என்ற கணக்கில் சொல்வார்கள்; கேஜ் எண் கூடினால் தகடு மெலியும் என்பது புதியவர்களைக் குழப்பும் செய்தி. 16 கேஜ் தகடு ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கதவுக்கு எத்தனை கேஜ், நிலைக்கு எத்தனை கேஜ் என்று தனித்தனியாகக் கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். பத்து நாக்கு, பன்னிரண்டு நாக்கு என்ற விளம்பரத்தைவிட, அந்த நாக்குகள் நிலைக்குள் எத்தனை ஆழம் செல்கின்றன, அவை நுழையும் துளைக்குப் பின்னால் வலுவூட்டும் தகடு இருக்கிறதா என்பவை முக்கியம். ஆர்.சி. 2, ஆர்.சி. 3 என்று விற்பனையாளர் சொன்னால், நிலையும் பூட்டும் சேர்ந்த முழுக் கதவுக்குமான சோதனைச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். உண்மையாகவே சோதித்தவர் அதைக் காட்டத் தயங்க மாட்டார்.

இரட்டைக் கதவு வைக்க விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒற்றைக் கதவில் பூட்டின் நாக்கு அசையாத நிலைக்குள் செல்கிறது. இரட்டைக் கதவிலோ அசையக்கூடிய இன்னொரு கதவுக்குள் செல்கிறது. வழக்கமாகத் திறக்காத பக்கத்துக் கதவு மேலும் கீழும் ஆழமான தாழ்ப்பாள்களால் நிலையோடும் தரையோடும் பிணைக்கப்படாவிட்டால், நடுவில் எவ்வளவு விலையுயர்ந்த பூட்டு இருந்தாலும் இரண்டு கதவுகளும் சேர்ந்து உள்ளே வளையும். இரண்டும் சேரும் இடத்தை மறைக்கும் பட்டை, நெம்புகோல் நுழையாதபடி வெளிப்புறம் இருக்க வேண்டும்.

கீல்

பழைய வீடுகளில் கதவுகள் குடுமியில், அதாவது கதவின் மேலும் கீழும் நீண்டு குழியில் பொருந்தும் முளைகளில், சுழன்றன. கழற்றுவதற்கு அங்கே ஆணியே இல்லை. இன்றைய கீல்களைப் பொறுத்தவரை, தலைவாசல் கதவு உள்நோக்கித் திறப்பதால் முளைகள் உள்ளேயே இருந்துவிடுகின்றன. இது நமக்கு இயல்பாகவே கிடைத்த வசதி. கனமான கதவுக்கு 5 அங்குலக் கீல்கள் நான்கு வைத்து, நீளமான திருகாணிகளால் முடுக்கினால் போதும். வெளிநோக்கித் திறக்கும் கதவாக இருந்தால், முளையைக் கழற்ற முடியாத கீல்களைத் தேர்ந்தெடுப்பதோடு, கீல் பக்கத்து விளிம்பில் கதவு மூடும்போது நிலைக்குள் புகுந்து நிற்கும் எஃகு முளைகள் இரண்டைப் பொருத்தச் சொல்ல வேண்டும். அப்போது கீல்களை முற்றிலும் வெட்டி எறிந்தாலும் கதவு இடத்தைவிட்டு நகராது.

பூட்டும் தாழ்ப்பாளும்

ஒரு வீட்டின் தலைவாசல் எப்போது மிக வலுவாக இருக்கிறது? இரவில் எல்லோரும் உள்ளே படுத்திருக்கும்போது. மேலே ஒரு டவர் போல்ட், கீழே ஒன்று, நடுவே விரல் தடிமனுள்ள அல்டிராப் என்னும் குறுக்குத் தாழ்ப்பாள் என்று மூன்று இடங்களில் அது பிடித்திருக்கிறது. அதே கதவு எப்போது மிக மெலிந்திருக்கிறது? குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கும்போது. உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் எதையும் வெளியே இருந்து போட முடியாது. சாவியால் பூட்டும் ஒற்றைப் பூட்டுதான் மிச்சம். ஆள் இல்லாத வீடு கள்வன் விரும்புவது. ஆள் இல்லாதபோதுதான் கதவும் தன் வலிமையில் பெரும்பங்கை இழக்கிறது. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் பூட்டைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்: வெளியிலிருந்து சாவியால் பூட்டும் அமைப்பு, உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள்களுக்கு நிகரான வலிமை கொண்டதாக இருக்க வேண்டும்.

அதற்கு முதற்படி, வெளியே தொங்கும் பூட்டை நம்பியிருக்கும் பழக்கத்தை விடுவது. அந்தப் பூட்டு தரமற்றது என்று நான் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கைவேலையின் நுட்பத்துக்குப் பெயர் பெற்றது. அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு லீவரையும் சாவி மிகச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். லீவர்களின் எண்ணிக்கை கூடக் கூட, பொருந்தாத சாவியால் திறப்பது கடினமாகிறது. ஆனால் கள்வன் அந்தப் பூட்டைத் தொடவே வேண்டியதில்லை. பூட்டு மாட்டியிருக்கும் கொண்டியின் ஆணிகள் வெளியே தெரிந்தால் அவற்றைப் பெயர்த்துவிடுகிறான். பூட்டு முழுமையாக, சேதமின்றி, கொண்டியோடு சேர்ந்து கீழே விழுகிறது. இதைவிடப் பெரிய குறை, தெருவில் போகிறவர் எவருக்கும் 'இந்த வீட்டில் யாரும் இல்லை' என்று அந்தப் பூட்டு அறிவித்துக்கொண்டிருப்பது. கதவுக்குள்ளேயே அமைந்த பூட்டில் இந்த அறிவிப்பு இல்லை.

கதவுக்குள் அமையும் பூட்டுகளில் பொதுவாகக் கிடைப்பவை இரண்டு. கதவின் விளிம்பைக் குடைந்து உள்ளே செருகுவது மார்ட்டிஸ் பூட்டு. கதவின் உட்புறத்தில் பெட்டிபோல் பதித்து முடுக்குவது ரிம் பூட்டு. மார்ட்டிஸ் பார்வைக்கு அழகானது. ஆனால் ஒன்றரை அங்குலக் கதவில் அதற்காகக் குடைந்தெடுத்த பிறகு இருபுறமும் எஞ்சும் மரம் மெல்லியது. அந்த இடத்தில் இருபுறமும் நீண்ட பித்தளைத் தகடோ எஃகுத் தகடோ வைத்து மூடுவது நல்லது. ரிம் பூட்டு மரத்தைக் குடைவதில்லை. மூன்று தடித்த நாக்குகள் ஒன்றாக நீளும் வகை உறுதியானது. அதை மர ஆணிகளால் மட்டும் பதிக்காமல், வெளிப்புறம் மொழுக்கான தலையுள்ள போல்ட்டுகளைக் கதவை ஊடுருவச் செலுத்தி உட்புறம் நட்டு (மரை) போட்டு முடுக்க வேண்டும்.

எந்த வகையாயினும், நாக்கு இருவகைப்படும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதவைச் சாத்தியதும் தானாகவே விழுந்து மூடிக்கொள்ளும் சரிந்த நாக்கு, சுருள்வில்லால் இயங்குவது; இடுக்கில் ஒரு மெல்லிய அட்டையைச் செருகி அதைப் பின்தள்ளிவிட முடியும். சாவியைத் திருப்பினால் மட்டுமே நகரும் சதுர நாக்கை அப்படித் தள்ள முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பலரும் கதவைச் சாத்தினால் பூட்டிக்கொண்டது என்று நினைத்துக் கீழே இறங்கிவிடுகிறார்கள். சாவியை இரண்டு சுற்று சுற்றிச் சதுர நாக்கை நீட்டினால்தான் அது பூட்டு. அந்த நாக்கு நிலைக்குள் ஓர் அங்குலம் அளவுக்குப் புக வேண்டும்.

ஒரே பூட்டுக்குப் பதிலாக, ஒன்று இடுப்புயரத்திலும் மற்றொன்று தோளுயரத்திலும் என்று இரண்டு பூட்டுகள் வைப்பதன் பயன் எண்ணிக்கையில் இல்லை. ஓரிடத்தில் நெம்பும்போது கதவு வளைவதை இன்னோர் இடம் தடுக்கிறது என்பதில் இருக்கிறது. உருளை வடிவச் சாவித்துளை கொண்ட பூட்டானால், அந்த உருளை கதவின் மேற்பரப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து முறித்துவிடலாம். கைரேகையாலும் எண்களாலும் திறக்கும் மின்னணுப் பூட்டுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சாவியைத் தொலைக்கும் கவலை அவற்றில் இல்லை என்பது உண்மையான வசதி. ஆனால் கடப்பாரையின் முன் நிற்பது அதன் கைரேகைப் பகுதி அல்ல, நாக்குதான். ஆகவே மேலே சொன்ன எல்லாக் கேள்விகளையும் அதற்கும் கேட்க வேண்டும்.

கதவுக்கு அருகில் கண்ணாடி இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி உடைந்ததாகக் கொண்டு, அந்த வழியே கையை நீட்டினால் உட்புறத் தாழ்ப்பாளை எட்ட முடியுமா? முடியுமானால், கண்ணாடிக்குப் பின்னால் கம்பி வேண்டும் அல்லது தாழ்ப்பாளை இடம் மாற்ற வேண்டும்.

கிரில் கதவு

மரக் கதவுக்கு முன்னால் இரும்புக் கிரில் கதவு வைப்பது நம் ஊர்களில் நெடுங்காலமாக இருக்கும் நல்ல ஏற்பாடு. மரக் கதவைத் திறந்து, கிரிலைத் திறக்காமலேயே வந்தவருடன் பேசலாம். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதன் மதிப்பு மிகப் பெரிது. கதவுச் சங்கிலியைவிட இது பல மடங்கு நம்பத்தக்கது. ஆனால் பட்டறையில் சொல்லிச் செய்யும்போது மூன்று செய்திகளில் உறுதியாக இருக்க வேண்டும். கம்பிகள் கூடான குழாயாக இல்லாமல் 12 மில்லிமீட்டர் சதுரத் திடக்கம்பியாக இருக்கட்டும். குழாயை ஆக்சா பிளேடு விரைவில் அறுத்துவிடும். பூட்டைச் சுற்றியுள்ள பகுதியில் கை நுழையாதபடி தகடோ நெருக்கமான வலையோ பற்றவைக்கப்படட்டும். கிரில் கதவு பெரும்பாலும் வெளிநோக்கித் திறப்பதால், அதைத் தூக்கிக் கழற்ற முடியாதபடி கீல்களின் மேல்முனையைப் பற்றவைத்து மூடட்டும்.

துருப்பிடிக்காத எஃகில் செய்வதானால், கடற்கரையை ஒட்டிய சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் குறைந்தது 304 வகையாவது தேவை; 316 வகை இன்னும் ஏற்றது. விலை குறைந்த 202 வகையில் நிக்கல் குறைவு. உப்புக்காற்று பட்டால் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டுவதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். 202 வகையிலும் காந்தம் ஒட்டுவதில்லை. பில்லில் வகையைக் குறிப்பிடச் சொல்வதே வழி. அடுக்குமாடிக் குடியிருப்பில், திறக்கும் கிரில் பொது நடைவழியையோ படிக்கட்டையோ மறிக்கக் கூடாது.

பின்வாசலும் மாடிவாசலும்

தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும் தலைவாசலுக்கு இலட்சக்கணக்கில் செலவிட்டுவிட்டு, கொல்லைப்புறக் கதவுக்கு மிச்சமிருந்த மெல்லிய பலகையை வைப்பதும், மொட்டை மாடிப் படிக்கட்டின் தலைப்பில் ஒரு தகரக் கதவை மாட்டிவிடுவதும் நான் மீண்டும் மீண்டும் பார்த்து வருந்தும் தவறு. மறைவிடத்தில், யார் கண்ணிலும் படாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேலை செய்ய வாய்ப்புத் தருபவை இந்த இரண்டு வாசல்களே. இவற்றில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது: வெளியே போகும்போது சாவியால் பூட்ட வேண்டிய தேவை இவற்றுக்கு இல்லை. உள்ளிருந்தே தாழிட்டுவிட்டுத் தலைவாசல் வழியாக வெளியேறலாம். ஆகவே விலையுயர்ந்த பூட்டுகள் வேண்டாம்; கனமான பிளஷ் கதவு, மேலும் கீழும் தாழ்ப்பாள்கள், நடுவே சுவரின் இருபுறமும் பதித்த கொக்கிகளில் குறுக்காக வைக்கும் ஓர் இரும்புப் பட்டை. பழைய வீடுகளில் உழலைக் கட்டை செய்த வேலையை அந்தப் பட்டை செய்யும்.

உள்ளே இருப்பவர் வெளியேற வேண்டுமே

கள்வனைத் தடுக்கும் கதவு, தீப்பிடித்தாலோ ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தாலோ உள்ளே இருப்பவரையும் தடுத்துவிடக் கூடாது. இதில் நான் எந்தச் சமரசமும் செய்ய மாட்டேன். வெளியேறும் வழியில் இருக்கும் பூட்டு, உட்புறத்தில் சாவியின்றிக் கைப்பிடியாலோ திருகாலோ திறப்பதாக இருக்க வேண்டும். கிரில் கதவுக்கு உள்ளிருந்து தொங்கு பூட்டுப் போடும் வழக்கம் இருந்தால், அதன் சாவி இருட்டிலும் கைபடும் ஒரே இடத்தில், ஆனால் வெளியிலிருந்து கம்பியால் எட்ட முடியாத தொலைவில், எப்போதும் தொங்க வேண்டும். வீட்டிலுள்ள குழந்தைக்கும் முதியவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். சன்னல்கள் எல்லாவற்றுக்கும் கிரில் அடித்த வீட்டில், ஒரு சன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கிரில் அமைப்பது நல்லது. தலைவாசலில் பொருத்தும் வெளிநோக்குக் கண்ணாடியைக் குட்டையானவருக்கும் எட்டும் உயரத்தில் இன்னொன்றாக வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் இருப்போரும் வாடகை வீட்டில் இருப்போரும் கதவையே மாற்ற வேண்டியதில்லை. நாக்கு நுழையும் தகட்டையும் திருகாணிகளையும் மாற்றுவது, கொண்டியின் ஆணிகளுக்குப் பதில் ஊடுருவும் போல்ட்டுகளைப் போடுவது, கொல்லைக் கதவுக்குக் குறுக்குப் பட்டை வைப்பது என்ற வரிசையில் தொடங்கலாம். தச்சர் வந்து போன பிறகு, கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்று, பூட்டின் உயரத்தில் தோளால் அழுத்திப் பார்க்க வேண்டும்; பிறகு மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கே கதவு அசைகிறதோ, எங்கே நிலைக்கும் கதவுக்கும் இடையே ஒரு நாணயம் நுழையும் அளவு இடைவெளி தெரிகிறதோ, கடப்பாரையும் அங்கேதான் முதலில் நுழையும். தச்சரை அந்த இடத்துக்கு மீண்டும் ஒரு முறை அழைக்க வேண்டும்.